விட்டுக்கொடுத்த ஆட்டங்கள்

கேரம் ஆட்டத்தில் முந்தானை பட்டால் ஃபவுல் என்று ஒரு விதி இருப்பதை நான் நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் அறிந்தேன். அந்த விதி பிறந்தபோது போர்டுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

இடம், காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறைகள் இருக்கும் ஒரு சந்தின் கோடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை. உள்ளே மூன்று போர்டுகள். ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கும் ஒரு விளக்கு. காற்று வந்தால் பவுடர் பறந்துவிடும் என்று சன்னல்களை மூடியே வைத்திருப்பார்கள். ஆகையால் பகலிலும் அந்த விளக்குகள் எரியும். பட்டுத்தறிக்காரர்கள், சாயம் போடுகிறவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேரும். என் அண்ணன் பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே அந்தச் சங்கத்தில் சேர்ந்தவன். நான் அந்த வாசலுக்குள் நுழைந்ததோ, மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கத் தொடங்கி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகு. அதுவும் அவனுடைய தங்கை என்ற ஒரே தகுதியில்.

அன்று எனக்கு எதிரே ஆடியவர் ஒரு தறிக்காரர். இடது மூலையில் இருந்த வெள்ளைக் காயினைக் கட் செய்து போடக் குனிந்தேன். அடித்தேன், விழுந்தது. கையை எடுக்கும்போது புடவைத் தலைப்பு இன்னொரு காயினைத் தொட்டது. அது அசையக்கூட இல்லை.

"ஃபவுல்மா," என்றார் சங்கத்தின் செயலாளர். மூன்று போர்டுகளுக்கும் நடுவராக நின்று பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம்.

"எதுக்குங்க?"

"முந்தானை பட்டுச்சே."

"இவரு சட்டைக் கை இப்பதான் ரெண்டு தடவ பட்டுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"சட்டை உடம்போட ஒட்டிக்கினு இருக்குது டீச்சர்," என்றார் பக்கத்துப் போர்டில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர், தலையைத் தூக்காமலேயே. "முந்தானை அப்பிடியா? அது பாட்டுக்குப் போவும், வரும்."

அறை முழுவதும் சிரித்தது. என் அண்ணனும் சிரித்தான்.

அங்கே சிரித்தவர்களில் பாதிப் பேர் வாரம் முழுவதும் முந்தானை நெய்கிறவர்கள். சேலையின் உடலைவிட முந்தானைக்குத்தான் அவர்களுடைய கண்ணும் முதுகும் அதிகம் செலவாகும். அந்த முந்தானையைக் காட்டித்தான் கடையில் சேலை விற்கப்படும். தறியில் கிடக்கும்வரை அதற்கு அவ்வளவு மரியாதை. ஒரு பெண்ணின் தோளில் ஏறி, அவர்களுடைய போர்டுக்கு ஒரு முழம் அருகில் வந்ததும் அது ஆட்டத்தைக் கெடுக்கும் பொருளாகிவிட்டது. எடுத்த காயினைத் திருப்பி வைத்தேன். மறு ஞாயிற்றுக்கிழமை தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தோளில் இரண்டு ஊக்குகள் குத்திக்கொண்டு போனேன். சுடிதாரில் போயிருக்கலாம். போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கேரம் போர்டு இருந்தது. அப்பா யாரிடமிருந்தோ பழையதாக வாங்கி வந்தது. ஒரு மூலையில் வலை கிடையாது, அங்கே அம்மா தைத்த துணிப்பை தொங்கும். மழை பெய்து பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் நானும் அண்ணனும் அதன் இரு பக்கமும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவோம். அவன் சங்கத்தில் சேர்ந்த பிறகு அங்கே கற்றதையெல்லாம் வந்து என்மேல் பரீட்சித்துப் பார்ப்பான். நானும் அவற்றைக் கற்றுக்கொண்டேன். பாதிக்கு மேல் ஆட்டங்களில் நானே ஜெயித்தேன். கல்யாணமாகி, ஐயம்பேட்டையில் அவன் தெருவிலேயே நானும் வீடு பார்த்துக்கொண்ட பிறகும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. என் கணவர் கேரம் பக்கமே வராதவர். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். "எங்க சங்கத்துல ஒருத்தன்கூட இவகிட்ட நிக்க முடியாது மாப்ள," என்று அண்ணன் அவரிடம் சொல்லும்போது, அந்த வயதிலும் எனக்குக் காது சூடாகும்.

அந்த வாக்கியம்தான் என்னை அரித்தது. நிற்க முடியாதா, முடியுமா? வீட்டுக்குள் ஆடி ஆடிச் சேர்த்த ஆட்டத்தை வெளியே கொண்டுபோய் வைத்தால் அது எவ்வளவு தேறும்? இயற்பியல் கற்பிக்கிறவளுக்கு அளக்காத பொருளின்மேல் நம்பிக்கை வராது. கோப்பை வேண்டும் என்றோ, ஆண்களை ஜெயிக்க வேண்டும் என்றோ நான் போகவில்லை. என்னுடைய ஆட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அந்த அறைக்குள் என் கை நடுங்கியது. வீட்டில் ஒருநாளும் நடுங்காத கை. ஸ்ட்ரைக்கரை வைத்து விரலை மடக்கியதும் பத்துப் பேர் என் விரலைப் பார்த்தார்கள், பார்த்ததோடு நிற்கவில்லை. "விரல கொஞ்சம் தாழ்த்து டீச்சர்." "கணக்கு போட்டுக்கினு அடிக்காதீங்க, அப்பிடியே உடுங்க." "தறியில ஓடற நாடா மாதிரி நேராப் போவணும்மா." என்னைவிட மோசமாக ஆடுகிறவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். என்னைவிட மோசமாக ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் கற்றுக்கொடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர்களில் ஒருவர் எளிதான காயினைத் தவறவிட்டால் சுற்றி இருப்பவர்கள் "சே!" என்பார்கள். நான் தவறவிட்டால் "பரவால்லமா" என்பார்கள். முதல் சொல்லைக் கேட்டவனுக்கு, விழவேண்டியது விழவில்லை என்று பொருள். இரண்டாவது சொல்லைக் கேட்டவளுக்கு, விழும் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை என்று பொருள். அந்தக் கனிவான சொல்லை ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தால் யாருடைய கையும் நடுங்கத்தான் செய்யும். பெண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் காணும்போதெல்லாம், இவர்களுக்கு யாராவது ஒரு வருடம் "பரவால்ல" சொல்லிப் பார்த்தால் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்திலும் இதே சொல்லின் வேறு உருவம் எனக்குப் பழக்கம். எனக்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்து சேர்ந்த ஆசிரியரிடம் ஆய்வகத்தின் பொறுப்பைக் கொடுத்தபோது தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு எதுக்கும்மா செரமம்?" அந்தச் சிரமத்தைப் பதினோராம் வகுப்பிலிருந்தே விரும்பிப் படித்து வந்தவள் நான். புன்னகைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பொறுமைசாலி என்று எனக்கு அங்கே பெயர். பொறுமை என்று அவர்கள் எண்ணியது பெரும்பாலும், கோபத்தைச் சரியான வாக்கியமாக மாற்ற எனக்கு ஆகும் நேரம்.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் என்னைச் சேர்க்கவில்லை. ஆட்டம் தள்ளிப்போன ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். கேட்டால், "உங்க அண்ணன் கிட்ட சொல்லிட்டனேம்மா," என்பார் செயலாளர். குழுவில் ஆண்கள் "எதையாவது" போடுவார்களாம். நான் இருந்தால் அவர்களுக்குக் கூச்சமாம். அவர்களுடைய கூச்சத்துக்கு நான் ஆட்டோ ஏறி இறங்கினேன்.

அந்த வருடம் வைகாசித் திருவிழாவை ஒட்டிச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. நானும் பெயர் கொடுத்தேன்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லேடீஸுக்குத் தனியா வெச்சிடலாம்மா."

"லேடீஸ் எத்தன பேருங்க?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப நான் யாரோட ஆடறது?"

"நீங்க எதுக்கும்மா ஆடிக்கினு? கப்பு எடுத்து வெச்சிடறோம், வந்து வாங்கிக்கோங்க."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. ஒரு நல்ல மனிதர் தன்னால் முடிந்த உயர்ந்த மரியாதையை எனக்கு அளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் குறுக்கே வந்தான். "பொதுவுல போடுங்கண்ணா. என் தங்கச்சி ஆடுவா," என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னான். செயலாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு என் பெயரைச் சேர்த்தார். அன்று வீடு திரும்பும் வழியில் அண்ணனுக்குக் கோயில் தெருவில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். மிளகும் சுக்கும் மணக்கும் அந்த இட்லியை அவன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்தபோது, இவன் இல்லாவிட்டால் எனக்கு இந்த வாசல் திறந்திருக்காது என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அது உண்மைதான். திறந்தவன் அவன்தான்.

முதல் சுற்றில் ஒரு ஷேர் ஆட்டோக்காரரை ஜெயித்தேன். இரண்டாம் சுற்றில், அந்த விதி பிறந்த நாளில் எனக்கு எதிரே ஆடிய அதே தறிக்காரர். அவரையும் ஜெயித்தேன். நடுங்கிய கை எங்கே போனது என்று தெரியவில்லை. ரெட் காயினைப் போட்டு, உடனே தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயினையும் போட்டபோது யாரோ விசில் அடித்தார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். பதினாறு வயதில் இருந்த ஏதோ ஒன்று முகத்தில் திரும்பி வந்திருந்தது. என் கணவர், "இன்னா, ஒரே சிரிப்பா இருக்குது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லிவிட்டால் குறைந்துவிடும் போலிருந்தது.

அரையிறுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எனக்கு எதிரே ஆடியவன் சங்கத்திலேயே சிறந்த ஆட்டக்காரன். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவன், என்னை அக்கா என்பான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அரக்குச் சிவப்பு அவன் விரல்களில் இருக்கும். அடிக்கும் முன் ஸ்ட்ரைக்கரைத் தன் தொடையில் ஒருமுறை துடைப்பான். பிறகு காயினைப் பார்க்கமாட்டான், அது விழவேண்டிய பாக்கெட்டை மட்டுமே பார்ப்பான். இந்த இரண்டையும் செய்யாமல் அவன் அடித்து நான் கண்டதே இல்லை. மாலையில் சாமி புறப்பாடு இருந்ததால், அதற்குள் ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று செயலாளருக்கு அவசரம். போர்டைச் சுற்றி நல்ல கூட்டம். அண்ணன் எனக்குப் பின்னால் நின்றான்.

புள்ளிகள் சமமாக வந்து, கடைசி போர்டில் நின்றது ஆட்டம். ரெட்டை அவன் எடுத்துவிட்டான். எனக்கு மூன்று வெள்ளை பாக்கி. அவனுக்கு ஒரே ஒரு கறுப்பு, அதுவும் என் வலப்பக்கப் பாக்கெட்டின் வாயில். அவன் முறை. தோற்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. விசித்திரமாக, மனம் அமைதியாக இருந்தது. இவ்வளவு நெருக்கமாக வந்து, இவ்வளவு நல்ல ஆட்டக்காரனிடம் தோற்கிறேன். என் ஆட்டம் இவ்வளவு என்று ஒருவாறு தெரிந்துவிட்டது. அதற்குத்தானே வந்தேன்.

அவன் அடித்தான். ஸ்ட்ரைக்கர் காயினுக்கு ஒரு சாண் தள்ளி, கட்டையில் மோதித் திரும்பியது.

கூட்டம் "அய்யோ" என்றது. நான் நம்பினேன். மனிதன்தானே, கை தவறும். என் முறையில் ஒரு வெள்ளையைப் போட்டேன். இரண்டாவதற்கு ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு ஏதோ ஒரு காரணத்தால் நிமிர்ந்தேன். அவன் போர்டைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, என் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதுமா என்று கேட்கும் பார்வை. திரும்பினேன். அண்ணனின் தலை மெல்ல அசைந்து நின்றது.

அப்போதுதான் நினைவு வந்தது: சாயக்காரன் ஸ்ட்ரைக்கரைத் துடைக்கவில்லை. பாக்கெட்டைப் பார்க்கவில்லை.

எனக்கு எதிரே இரண்டு வெள்ளைகள், இரண்டும் எளிதானவை. போட்டிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். இறுதிப் போட்டிக்குப் போயிருப்பேன். நான் ஸ்ட்ரைக்கரை ஒரு காயின்மேலும் படாமல் எதிர்க் கட்டைக்கு மெல்லத் தள்ளிவிட்டேன்.

"இன்னா டீச்சர், வழுக்கிடுச்சா?"

"பவுடர் போடுப்பா, பவுடர் போடு."

அவன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். மறுபடியும் அடித்தான்; மறுபடியும் ஒரு சாண் தள்ளி. நானும் மறுபடியும் வெறுங்கட்டைக்கே தள்ளினேன். அவன் முறை, என் முறை, அவன் முறை. ஸ்ட்ரைக்கர் எங்கள் இருவருக்கும் நடுவில் சும்மா போய் வந்துகொண்டிருந்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"இன்னாபா இது, பந்தியில 'நீங்க மொதல்ல உக்காருங்க, நீங்க மொதல்ல உக்காருங்க'ன்றா மாதிரி!" என்று ஒருவர் கத்தினார்.

"சாமி கெளம்பிடும்மா, சீக்கிரம்," என்றார் செயலாளர்.

நான் சாயக்காரனிடம் கேட்டேன். "தம்பி, அந்தக் காயின் வாயில நிக்குது. ஊதினாக்கூட விழுந்துடும். உன்னால முடியலையா?"

"சாயத் தொட்டியில நின்னு நின்னு கை வலிக்குதுக்கா."

"அப்ப எனக்கும் வலிக்குது." இன்னொரு முறை வெறுங்கட்டைக்குத் தள்ளினேன்.

அவன் முகம் அவன் விரல்களின் நிறத்துக்கு வந்தது. ஸ்ட்ரைக்கரைப் போர்டின்மேல் பட்டென்று வைத்தான். "என்னை இன்னாதான்க்கா பண்ணச் சொல்றீங்க? உங்க அண்ணன்தான் சொன்னாரு. நாலு பேர் எதிர்க்கத் தோத்துட்டா அதோட வரமாட்டா, இந்த ஒரு ஆட்டம் விட்டுக் குடுடா, பைனல் வரைக்கும் போயிட்டா மனசு ஆறிடும், அங்க எவன்கிட்டயாவது தோத்துக்கட்டும்னாரு. அவரு பேச்சத் தட்ட முடியுமா?"

அண்ணன் என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். "உன் நல்லதுக்குதாம்மா," என்றான்.

"வுடும்மா, ஆசையில செஞ்சிட்டாப்ல," என்றார் செயலாளர். "அண்ணன் தங்கச்சி பாசம். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு."

அங்கிருந்த யாருக்கும் நடந்தது தவறாகத் தோன்றவில்லை. ஓர் ஆணுக்காக இன்னோர் ஆண் இப்படிச் சொல்லியிருந்தால் அடிதடி நடந்திருக்கும். ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சாகியிருக்கும். எனக்காகச் சொன்னபோது அதற்குப் பெயர் பாசம்.

"ஆடு தம்பி," என்றேன்.

அவன் ஸ்ட்ரைக்கரை எடுத்துத் தொடையில் துடைத்தான். பாக்கெட்டைப் பார்த்தான். காயின் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு சுத்தமான அடி. தோற்றேன்.

"பரவால்லமா," என்றார் செயலாளர். "ஒரு லேடீஸு இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு."

"இவன் தோத்திருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'சே'ன்னு சொல்லியிருப்பீங்க. எனக்கும் அதையே சொல்லுங்க."

அவர் துணியை எடுத்து அடுத்த ஆட்டத்துக்காகப் போர்டைத் துடைக்கத் தொடங்கினார்.

ஷேர் ஆட்டோவில் நானும் அண்ணனும் வந்தோம். எங்களுக்கு நடுவில் மல்லிகைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டி, இருபுறமும் வயல் தெரிந்த பிறகுதான் கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"மொதல் ரவுண்டு?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"ரெண்டாவது?"

"அந்தாள்கிட்ட நான் பேசவே இல்ல." முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆனா அவரா எதுனா பண்ணாரான்னு எனக்குத் தெரியாது," என்றான்.

பூக்காரம்மா கூடையை இழுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடுத்ததைக் கேட்கப் பயந்தேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"வீட்டுலயுமா?"

அவன் வெளியே பார்த்தான்.

"அண்ணா. வீட்டுலயுமா?"

"சின்னதுல... தோத்தா அழுவ நீ. சோறு துன்ன மாட்ட."

"பெருசானப்புறம்?"

"எப்பவாச்சும். நீ ஸ்கூல்ல இருந்து மூஞ்சி செத்துப்போய் வருவியே, அந்த மாதிரி நாள்ல. எல்லாம் இல்லம்மா."

"எது எதுன்னு சொல்லு."

"எனக்கே ஞாபகம் இல்ல," என்றான். அது பொய்யில்லை என்று அவன் குரலில் தெரிந்தது. பொய்யாக இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். பொய் என்றால் எங்கோ ஓர் உண்மை மிச்சம் இருக்கும். என்றைக்காவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவனுக்கே தெரியாது என்பதால் என்னுடைய முப்பது வருடத்து வெற்றிகளில் எது என்னுடையது என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லாமல் போனது.

விட்டுக்கொடு என்ற சொல்லை அம்மா எனக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறாள். அண்ணன்தானே, முட்டையை விட்டுக்கொடு. அண்ணன்தானே, சன்னல் ஓரத்தை விட்டுக்கொடு. எனக்குச் சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம், இருந்த பணத்தைக் கட்டி அண்ணனை வேலைக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. அதையும் விட்டுக்கொடுத்து உள்ளூரில் படித்தேன். நான் விட்டுக்கொடுத்ததெல்லாம் என் கையில் இருந்து போன பொருள்கள். எனக்கு அதன் வலி தெரியும், அவனுக்கும் கொஞ்சம் தெரியும். அவன் எனக்கு விட்டுக்கொடுத்தபோது எனக்குத் தெரியாமல் விட்டுக்கொடுத்தான். நான் விட்டுக்கொடுத்து அவன் படிகள் ஏறினான். அவை உண்மையான படிகள். அவன் விட்டுக்கொடுத்ததை நம்பி நான் ஒரு படியில் கால் வைத்தேன்; அங்கே படியே இல்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. தன்னிடம் இருப்பதைத்தான் ஒருவர் விட்டுக்கொடுக்க முடியும். வெற்றியை எனக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று அந்த அறையில் அண்ணனும் சாயக்காரனும் பேசிக்கொண்டபோதே, அது அவர்களுடையது என்பது முடிவாகிவிட்டது. நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த அறைக்கு விருந்தாளிதான். ஆய்வகத்தின் பொறுப்பும் அப்படித்தான். கப்பு எடுத்து வைக்கிறேன் என்றவரும் அப்படித்தான். என்னை வெறுத்த ஒருவரைக்கூட நான் அந்த ஒரு வருடத்தில் சந்திக்கவில்லை. வெறுத்திருந்தால் எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். வெறுக்கிறவன் முழுப் பலத்தோடு ஆடியிருப்பான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகமாட்டேன் என்று எல்லோரும் எண்ணினார்கள். போனேன். சாயக்காரனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஒரு தடவ துடைக்காம அடிச்சாலும் எழுந்து போயிடுவேன்," என்றேன். அவன் சிரிக்கவில்லை. அன்று என்னை நசுக்கிவிட்டான். நான் பெற்றது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்று நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒரு முறை நான் ஜெயித்தபோது அவன் "சே!" என்று தன் தொடையிலேயே அறைந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து போய்ப் பீடி பற்றவைத்தான். வெளியிலிருந்து அவன் யாரிடமோ எரிச்சலாகப் பேசுவது கேட்டது: "அந்தக் கட்டையில பட்டு வர்ற அடி எனக்கு எப்பிடிடா தெரியாம போச்சு!" நான் அந்தக் கோபத்தைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது பத்து ஆட்டம் ஆடினால் இரண்டோ மூன்றோ எனக்கு வரும். என் ஆட்டம் அவ்வளவுதான். மிகப் பெரிய ஆட்டம் இல்லை. கை நடுங்குவதில்லை.

அண்ணன் சென்ற மாதம் ஒரு மழை நாளில் வீட்டுக்கு வந்தான். நனையாமல் இருக்கப் பாலிதீன் சுற்றிய பழைய போர்டு அக்குளில் இருந்தது. துணிப்பையைக் கழற்றிவிட்டுப் புது வலை கட்டியிருந்தான். நடு அறையில் அதை வைத்து, பவுடரை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, காயின்களை அடுக்கினான். முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் எனக்கு ஒரு பலகையை இழுத்துப் போட்டான். அவன் தலை முழுதும் நரைத்துவிட்டது. இந்த உலகத்தில் எனக்காகச் சண்டை போட்ட முதல் ஆள் அவன். அதை நான் மறக்கவில்லை.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காரும்மா. நெஜமாத்தான் ஆடுவேன்," என்றான். "அம்மா மேல ஆணையா."

"அத நான் எப்பிடிண்ணா கண்டுபுடிக்கிறது?"

அவன் அடுக்கிய காயின்களைப் பார்த்தபடி இருந்தான். என் கணவர் வழக்கம்போல இரண்டு தம்ளர் டீயைக் கொண்டுவந்து போர்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். உட்காரவில்லை.